பிரியாணிக்கா, மருந்துக்கா?

மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போன கார்த்திகையில் நூறு கிராம் பட்டை கேட்டேன். கடைக்காரர் பெரியவர். தராசில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்து, "பிரியாணிக்கா, மருந்துக்கா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே பட்டைதான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அவர் இரண்டு டப்பாக்களைத் திறந்து இரண்டு துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று தடித்தது, கரும்பழுப்பு. மரத்தின் தோல் என்று பார்த்தவுடன் தெரியும். இரண்டு ஓரமும் உட்பக்கமாகச் சுருண்டு நடுவில் குழிந்திருந்தது. ஒடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மற்றது சுருட்டு மாதிரி இருந்தது. தாள் போன்ற மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, வெளிறிய மண் நிறத்தில். லேசாக அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டிலும் ஒரு சில்லு வாயில் போட்டுப் பார்த்தேன். தடித்தது நாக்கைச் சுட்டது. மெல்லியது இனிப்பாகத் தொடங்கி, மெதுவாகத்தான் காரத்துக்கு வந்தது.

"சுகருக்குன்னா சுருள்பட்டை வாங்கிக்கங்க தம்பி. விலை கூடத்தான். ஆனா தினமும் உள்ள போறதுக்கு இது வேண்டாம்" என்று தடித்த துண்டை டப்பாவுக்குள் திரும்பப் போட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியை எங்கள் அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். காலையில் பூங்காவில் நடக்கப் போகிற இடத்தில் கூட நடப்பவர்கள் சொல்லி, பட்டை கேப்ஸ்யூல் ஒரு குப்பி வாங்கினாள். ஒரு கேப்ஸ்யூலில் ஐந்நூறு மில்லிகிராம். காலையில் இரண்டு, இரவு இரண்டு. குப்பியின் மேல் பச்சை இலையும் ஒரு சுருள்பட்டையும் படமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பது எந்த மரத்தின் பட்டை என்று எங்கேயும் எழுதவில்லை. படத்தில் இருந்த பட்டைதான் உள்ளேயும் இருக்கும் என்று நம்புவதைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லை.

அக்கா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, விரலில் குத்திப் பார்த்த வெறும் வயிற்று அளவை எழுதிக்கொண்டு வந்தாள். முதல் நாள் 168. பத்தாம் நாள் 141. அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. பதினைந்தாம் நாள் 136. எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, இறங்குதுடா" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வெகு நாளாகக் கேட்டிருக்கவில்லை. "நல்லதுக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் கேட்காமல் விட்டவை பல. கேப்ஸ்யூல் தொடங்கிய அதே வாரத்தில் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு இட்லிக்கு மாறியிருந்தாள். நடை அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகியிருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று இரவு மாத்திரையை நிறுத்தியிருந்தாள். அதை மருத்துவரிடம் சொல்லவில்லை. நோட்டில் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தேதிகள் விட்டுவிட்டு வந்தன. இறங்கிய நாளின் எண்ணை எழுதுகிற கை, ஏறிய நாளில் நோட்டைத் திறப்பதில்லை. ஐந்து மாதம் கழித்து மூன்று மாதச் சர்க்கரை பார்த்தபோது 7.2 ஆக இருந்தது 9.1 ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பட்டை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பாட்டி வைத்தியம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பாட்டி சர்க்கரைக்குப் பட்டை கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆவாரம்பூவைக் காயவைத்துக் கொதிக்கவைப்பார்கள். நாவல் கொட்டையை இடித்துத் தூளாக்குவார்கள். வெந்தயம் ஊறவைப்பார்கள். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது; அதைச் 'சர்க்கரைக் கொல்லி' என்பார்கள். பட்டை மசாலாவுக்கும் மந்தத்துக்கும் பல்வலிக்கும் உரியது. சர்க்கரைக்குப் பட்டை என்று இன்று தெருவெல்லாம் கேட்கிற பேச்சுக்கு வயது இருபது சொச்சம்தான். அது வந்த ஊரும் நம் ஊர் இல்லை. பேஷாவர்.

பாகிஸ்தானின் பேஷாவரில் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலம் கான், அமெரிக்க வேளாண் துறையின் மேரிலாந்து ஆய்வு மையத்தில் இருந்த ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகியோர் சேர்ந்து செய்த ஆய்வு 2003 டிசம்பரில் 'டயாபடிஸ் கேர்' இதழில் வந்தது. அறுபது பேர், முப்பது ஆண்கள், முப்பது பெண்கள். எல்லோரும் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு ஒரு கிராம், மூன்று கிராம், ஆறு கிராம் என்று மூன்று அளவில் பட்டைத் தூள். மறுபாதிக்கு அதே மாதிரி கேப்ஸ்யூலில் கோதுமை மாவு. நாற்பது நாள். பட்டை சாப்பிட்டவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18-லிருந்து 29 சதவீதம் வரை இறங்கியது. கோதுமை மாவு சாப்பிட்டவர்களுக்கு இறங்கவில்லை. கெட்ட கொழுப்பும் குறைந்தது என்றார்கள்.

இதை அலட்சியமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அடுக்களையில் கிடக்கும் ஒரு பொருளை எடுத்து, அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம் என்று முன்வந்தவர்கள் அவர்கள். பணக்கார நாட்டு மருந்துக் கம்பெனிகள் சீந்தாத கேள்வி அது. பட்டைக்குக் காப்புரிமை எடுக்க முடியாதே. அந்த அறுபது பேரும் தினமும் கேப்ஸ்யூலை மறக்காமல் விழுங்கினார்கள். அதற்குரிய மதிப்பு உண்டு.

ஆனாலும் அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தால் சில இடங்களில் மனம் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு அளவுக்கும் பத்துப் பத்துப் பேர்தான். ஒரு கிராம் சாப்பிட்டவருக்குக் கிடைத்த பலனும் ஆறு கிராம் சாப்பிட்டவருக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய ஒன்றே. ஆறு மடங்கு மருந்து போனால் கொஞ்சமாவது வித்தியாசம் காட்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பது நாள் என்பது போதாது.

போதாது என்பதற்குக் காரணம் ரத்தத்திலேயே இருக்கிறது. சிவப்பணு ஒன்று உடம்பில் ஏறத்தாழ நூற்றிருபது நாள் வாழ்கிறது. வாழ்கிற காலமெல்லாம் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையில் கொஞ்சம் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். அந்த ஒட்டலை அளப்பதுதான் எச்பிஏ1சி, நம் லேப்களில் 'மூன்று மாதச் சர்க்கரை' என்கிறோமே, அது. காலையில் விரலில் குத்திப் பார்ப்பது அந்த நிமிடத்தின் கணக்கு. நேற்று இரவு பட்டினி கிடந்தால் அது இறங்கும். தூக்கம் கெட்டால் ஏறும். மூன்று மாதக் கணக்கை ஒரு வாரப் பத்தியத்தால் மாற்ற முடியாது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கால் நரம்புக்கும் வருகிற கேடு இந்த மூன்று மாதக் கணக்கோடுதான் ஒட்டிப் போகிறது. பேஷாவர் ஆய்வில் அதை அளக்கவில்லை.

பிறகு வந்தவர்கள் அளந்தார்கள். 2006-ல் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட்டில் மாதவிடாய் நின்ற பெண்கள் இருபத்தைந்து பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு ஒன்றரை கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் எழுபத்தொன்பது பேரில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் மூன்று கிராமுக்குச் சமமான பட்டைச் சாறு கொடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பத்து சதவீதம் இறங்கியது, மூன்று மாதச் சர்க்கரை அசையவில்லை. 2009-ல் அமெரிக்காவில் நூற்றொன்பது பேரிடம் செய்ததில் மூன்று மாதச் சர்க்கரை 0.83 இறங்கியது, பட்டை சாப்பிடாதவர்களுக்கும் 0.37 இறங்கியிருந்தது. ஒரு ஆய்வு ஆம் என்கிறது, மறு ஆய்வு இல்லை என்கிறது. 2012-ல் காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட பத்து ஆய்வுகளை, மொத்தம் 577 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, சர்க்கரைக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதியது. அடுத்த ஆண்டு வேறு சிலர் செய்த தொகுப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 25 புள்ளி அளவுக்கு இறங்குவதாகவும், மூன்று மாதச் சர்க்கரையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்றும் வந்தது.

அக்காவின் நாற்பது பக்க நோட்டு சொன்னதும் இதைத்தான். விரலில் இறங்கியது. மூன்று மாதத்தில் இறங்கவில்லை.

மெட்ஃபார்மினைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வருத்தம் வந்தது. அக்கா நிறுத்திய மாத்திரை அது. வயிற்றைப் புரட்டுகிறது என்றதோடு, 'இங்கிலீஷ் மருந்து, கெமிக்கல்' என்றும் சொல்லித்தான் நிறுத்தினாள். அதன் பூர்வீகம் ஒரு செடி. கலேகா அஃபிசினாலிஸ் என்பது அதன் தாவரப் பெயர். ஐரோப்பாவின் புல்வெளிகளில் ஊதாப் பூ பூக்கும் பயறு இனச் செடி. அங்கே நாட்டு வைத்தியர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதில் குவானிடின் வகைப் பொருள் இருந்தது. சர்க்கரையை இறக்கும், கூடவே நஞ்சாகவும் இருந்தது, மேய்ந்த ஆடுகள் செத்தன. அதன் உறவுக்காரப் பொருளான மெட்ஃபார்மினை 1922-ல் டப்ளினில் முதன்முதலில் உருவாக்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது கிடப்பில் கிடந்தது. 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதன் சகோதர மருந்தான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் அமிலம் ஏற்றுகிறது என்று தெரிந்ததும் எழுபதுகளில் பல நாடுகளில் அதைக் கடையை விட்டே எடுத்தார்கள். மெட்ஃபார்மின் தப்பியது. 1977-ல் பிரிட்டனில் தொடங்கி இருபது ஆண்டு நடந்த ஆய்வின் முடிவுகள் 1998-ல் வந்தபோது, உடல் பருத்த நோயாளிகளில் மாரடைப்பும் சர்க்கரையால் வரும் சாவும் அதனால் குறைந்தது தெரிந்தது.

ஒரு செடி மருந்தாவது இப்படித்தான். யாரோ நம்பினார்கள், யாரோ சந்தேகப்பட்டார்கள், ஆடு செத்தது, உறவு மருந்து விலக்கப்பட்டது, இருபது வருடம் காத்திருந்து எண்ணினார்கள். பட்டைக்கு அந்த மரியாதையை இன்னும் யாரும் செய்யவில்லை. கலேகாவுக்குச் செய்தார்கள். ஆகவே மூலிகை ஒரு பக்கம், ரசாயனம் ஒரு பக்கம் என்று நாம் கட்டிவைத்திருக்கும் சுவரை நான் இப்போது ஏற்பதில்லை. கேட்டுப் பார்த்த செடி, கேட்டுப் பார்க்காத செடி என்ற வித்தியாசம்தான் எனக்குத் தெரிகிறது. அக்கா கேட்டுப் பார்த்ததை விட்டுவிட்டுக் கேட்டுப் பார்க்காததைக் கையில் எடுத்தாள்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. நாட்டு மருந்துக் கடையில் இலவங்கப்பட்டை என்றால் பட்டை. 'பட்டை லவங்கம்' என்று மளிகைப் பட்டியலில் எழுதினால் அங்கே லவங்கம் கிராம்பு. வடக்கிலும் லவங்கம் கிராம்புதான். இலங்கைத் தமிழர் கறுவா என்று தனிப் பெயரால் சொல்கிறார்கள். அவர்களுக்குக் குழப்பம் குறைவு. நமக்குச் சீனத்துப் பட்டையும் பட்டை, இந்தோனேசியப் பட்டையும் பட்டை, வியட்நாம் பட்டையும் பட்டை, இலங்கைக் கறுவாவும் பட்டை. ஒரே குடும்பத்து மரங்கள் என்பது உண்மை. வேறு வேறு மரங்கள் என்பதும் உண்மை.

வேறுபாடு கூமரின் என்ற பொருளில் இருக்கிறது. புல் அறுத்த வயலின் மணம் போல ஒரு நல்ல மணம் அதற்கு. அது கல்லீரலுக்கு ஆகாது என்று சந்தேகம் எழுந்து, 1954-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். தடித்த பட்டைகளில் அது தாராளமாக இருக்கிறது. ஒரு கிராமில் சராசரியாக மூன்று மில்லிகிராம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டது. இலங்கைக் கறுவாவில் அது அற்ப அளவே. 2006-ல் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் நேரத்தில் பிள்ளைகள் அள்ளித் தின்னும் நட்சத்திர பிஸ்கட்டுகளில் கூமரின் கூடுதலாக இருப்பதாக அந்த நிறுவனம் எச்சரித்தபோதுதான் ஐரோப்பா விழித்துக்கொண்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை கூமரின் வாழ்நாள் முழுக்கப் போனாலும் பாதகமில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு.

அக்காவுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். எடை 58 கிலோ. வரம்பு 5.8 மில்லிகிராம். நாளுக்கு நான்கு கேப்ஸ்யூல் என்றால் இரண்டு கிராம் பட்டை. அது தடித்த பட்டையாக இருந்தால் ஆறு மில்லிகிராம் கூமரின். வரம்பைத் தாண்டிவிட்டாள், அதுவும் ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் விழுந்த பட்டையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பேஷாவரில் கொடுத்ததும் சீனத்துப் பட்டைதான். ஆறு கிராம் குழுவில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் நாளுக்குப் பதினெட்டு மில்லிகிராம் போயிருக்கும். வரம்பைத் தாண்டிய எல்லோருக்கும் கல்லீரல் கெடுவதில்லை. சிலருடைய கல்லீரல் மட்டும் கூமரினைத் தாங்காது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் வழியில்லை. கொழுப்புக்கு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என்று ஏற்கனவே விழுங்குகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

'அப்படியானால் இலங்கைக் கறுவாவையே கேப்ஸ்யூலாக வாங்கிவிட்டால் போயிற்று' என்று ஒரு நண்பர் சொன்னார். கூமரின் பயம் போய்விடும், அது சரி. ஆனால் பலன் இருப்பதாகச் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை தடித்த பட்டையை வைத்துச் செய்தவை. பலன் இருக்கலாம் என்று காட்டிய பட்டையைத் தினமும் சாப்பிடக் கூடாது; தினமும் சாப்பிடத் தக்க பட்டைக்குப் பலன் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்கவில்லை. இந்த முடிச்சை எந்தக் குப்பியின் மேலும் எழுதியிருப்பதாகக் காணோம்.

கறுவாவைப் பற்றிப் படிக்கப் போய், படித்தது வேறாகிவிட்டது. இலங்கையின் தென்மேற்கில் காலி, மாத்தறைப் பக்கம் அது விளைகிறது. மழை விழுந்து பட்டை இளகிய நாட்களில் இரண்டு வருடத்துக் கொம்புகளை வெட்டுவார்கள். பட்டை உரிப்பவர் தரையில் அமர்ந்து, மேல்தோலை முதலில் சுரண்டி எடுத்துவிடுவார். பிறகு பித்தளைக் கோல் ஒன்றால் கொம்பை நெடுக அழுத்தித் தேய்ப்பார். உள்பட்டை மரத்தை விட்டு இளகும். நுனி வளைந்த சிறு கத்தியால் நீளவாக்கில் இரண்டு கீறல். அவ்வளவுதான், பட்டை உறை கழன்றது போலக் கையோடு வரும். தாளின் கனம்தான் இருக்கும். அந்தத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, நடுவில் சின்னத் துண்டுகளைத் திணித்து, கை நீளத்தையும் மிஞ்சும் நாற்பத்திரண்டு அங்குலச் சுருளாக நீட்டுவார்கள். வெயிலில் போட மாட்டார்கள். கூரைக்குக் கீழே கயிறு கட்டி அதன்மேல் கிடத்தி நிழலில் காயவிடுவார்கள். இயந்திரம் இன்னும் முழுதாகக் கைக்கொள்ளாத வேலை அது. டச்சுக்காரர் காலத்தில் இந்த வேலைக்கே கட்டுண்ட சலாகம சமூகத்தார் தங்கள் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கொழும்பில் பெரிய பங்களாக்கள் நிற்கும் பகுதிக்குக் கறுவாத் தோட்டம் என்று இன்னும் பெயர். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

இத்தனை கைகள் பட்டு வருவதால்தான் அதற்கு அந்த விலை. குச்சியாக இருக்கும்வரை அதைக் கண்ணால் பார்த்து அறியலாம், விரலால் ஒடித்து அறியலாம். தூளாக்கிவிட்டால் போயிற்று. கேப்ஸ்யூலுக்குள் போட்டு மூடிவிட்டால் கடைக்காரப் பெரியவராலும் சொல்ல முடியாது. 2023-ல் அமெரிக்காவில், எக்வடோர் நாட்டில் தயாரான ஆப்பிள் மசியலைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. ஈயம் வந்த வழி அதில் சேர்த்த பட்டைத் தூள். தூளை எவர் இடித்தார், எதோடு இடித்தார் என்று தெரியாமல் வாயில் போடக்கூடாது என்று ஊர்க் கிழவிகள் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இவ்வளவையும் அக்காவிடம் கொண்டு போய்க் கொட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எல்லாம் சரிதான்டா. ஒன்பது வருஷமா எல்லாரும் எங்கிட்ட எதைத் திங்கக்கூடாதுன்னுதான் சொல்றாங்க. சோறு கூடாது, மாம்பழம் கூடாது, பொங்கலுக்குப் பொங்கல் கூடாது. இது ஒண்ணுதான் 'சாப்பிடு'ன்னு சொன்னாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தப் பத்துக் கோடிப் பேரின் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் யாரோ ஒருவர் நின்று 'கூடாது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அன்பினால்தான் சொல்கிறோம். மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கூட இலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். தன் உடம்புக்குத் தானே ஒரு நல்லது செய்துகொள்கிறோம் என்ற நினைப்பு மனிதருக்கு வேண்டியிருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் அந்த நினைப்பு வருவதில்லை. அது நோயை நினைவுபடுத்துகிறது. பட்டையில் வீட்டு வாசனை இருக்கிறது. அக்காவின் நம்பிக்கையை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, எந்த மரம் என்றுகூட எழுதாத ஒரு குப்பியை விற்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவள் மாத்திரையை நிறுத்தியபோது என்ன தொந்தரவு என்று கேட்காத என் மேலும்.

மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். வயிற்றுப் புரட்டலைச் சொன்னோம். குப்பியை மேஜைமேல் வைத்தோம். அவர் திட்டவில்லை. குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கல்லீரல் பரிசோதனை ஒன்றை எழுதினார், மெட்ஃபார்மினில் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார். "இது வயித்தப் புரட்டாதும்மா. புரட்டினா நிறுத்தாதீங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக ஐந்து மாதம் போயிருந்தது.

கல்லீரல் நன்றாக இருந்தது. நான்கு மாதம் கழித்து எடுத்த மூன்று மாதச் சர்க்கரை 7.4. மாத்திரையும் நடையும் இரவு இட்லியும் சேர்ந்து செய்தது என்று அக்காவே சொன்னாள். கீழமாசி வீதியில் வாங்கிய சுருள்பட்டையை அவளிடம் கொடுத்தேன். தேநீரில் ஒரு துண்டு போட்டுச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறாள்; அந்த வாசனையில் இனிப்பு இல்லாத குறை தெரியவில்லை என்கிறாள். மருந்தாக இல்லை, அவளுக்குப் பிடிக்கிறது என்பதற்காக. இதை வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டில் இப்படி ஒரு குப்பி இருக்கும். சாமி அறையிலோ குளிர்பதனப் பெட்டியின் மேலோ இருக்கும். சாப்பிடுகிறவரிடம் சண்டை போடாதீர்கள். எதற்காக எடுக்கிறார், எந்த மாத்திரையை விட்டிருக்கிறார் என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குப்பியையும் பையில் எடுத்துவைத்துக்கொண்டு கூடப் போங்கள்.